கான்கிரீட் சுருங்குறதும் வெடிக்கிறதும்: எந்த கெமிக்கல் எதுக்கு உதவும்

தளம் போட்டு ரெண்டு மூணு மாசம் ஆனதும் அடியில மெல்லிசா ஒரு கோடு தெரியும், உடனே வீட்டுக்காரர் கொத்தனாரைப் பிடிப்பார், கொத்தனார் சிமெண்ட்டைக் குறை சொல்வார், சிமெண்ட் கடைக்காரர் ஒரு டப்பாவைக் காட்டி அடுத்த தளத்துக்கு இந்தக் கெமிக்கலைப் போடுங்க கிராக்கே வராதுன்னு சொல்வார். அந்த டப்பாவுல என்ன இருக்கு, அது எந்த மாதிரி வெடிப்பைத் தடுக்கும், எதைத் தடுக்காதுன்னு மட்டும் யாரும் சொல்றதில்ல. கான்கிரீட்ல வர்ற வெடிப்பு ஒரே வகை கிடையாது, ஒவ்வொண்ணுக்கும் காரணம் வேற, வர்ற நேரம் வேற, அதனால மருந்தும் வேற. இது புரியாம டப்பா வாங்கினா காசுதான் போகும்.

முதல்ல தண்ணிக் கணக்கைப் பார்த்துடலாம். ஒரு 50 கிலோ மூட்டை சிமெண்ட் முழுசா வேதிவினை ஆகி இறுகுறதுக்கு சுமாரா 21 லிட்டர் தண்ணி போதும், அதுலயும் பாதிக்கு மேலதான் வேதியியலா சிமெண்ட்டோட சேருது, மீதி அந்த இறுகின பசைக்குள்ள இருக்கிற ரொம்பச் சின்னச் சின்னத் துளைகள்ல தங்குது. ஆனா சைட்ல 21 லிட்டர்ல கலந்தா ஜல்லி நகராது, கம்பிக்கு நடுவுல இறங்காது, ஆளுங்க சலிச்சுப்பாங்க, அதனால 28, 30ன்னு போகும், எம் சாண்ட்ல தூள் அதிகமா இருந்தா இன்னும் கூடும். இந்தக் கூடுதல் தண்ணி எல்லாம் என்னைக்காவது ஒரு நாள் வெளிய போயே ஆகணும்.

பெரிய துளைகள்ல இருந்து தண்ணி போறப்ப பெருசா ஒண்ணும் ஆகாது. சின்னத் துளைகள், அதாவது மில்லிமீட்டர்ல லட்சத்துல சில பங்கு அகலம் இருக்கிற துளைகள் காய ஆரம்பிக்கிறப்பதான் வினையே. அந்தத் துளைக்குள்ள பாதித் தண்ணி பாதிக் காத்துன்னு ஆனதும் தண்ணியோட மேற்பரப்பு வளைஞ்சு நிக்கும், அந்த வளைவு துளையோட ரெண்டு பக்கச் சுவரையும் உள்பக்கமா இழுக்கும். துளை எவ்வளவு சின்னதோ இழுப்பு அவ்வளவு பெருசு. கோடிக்கணக்கான துளைகள்ல இது ஒரே நேரத்துல நடந்தா மொத்தக் கான்கிரீட்டும் சுருங்குது. கோடையில ஏரித் தரையில வண்டல் மண்ணு காய்ஞ்சு பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கே, அங்க நடக்கிறதும் இதே இழுப்புதான், கான்கிரீட்ல மெதுவா நடக்குது அவ்வளவுதான்.

எவ்வளவு சுருங்கும்? சோதனை விவரம் கையில இல்லன்னா மொத்தச் சுருக்கத்தை நீளத்துல 0.0003 பங்குன்னு எடுத்துக்கோன்னு நம்ம நாட்டுக் கான்கிரீட் விதிமுறையான ஐஎஸ் 456 சொல்லுது. 6 மீட்டர் நீளத் தளத்துக்கு இது 1.8 மில்லிமீட்டர். கம்பி இல்லாத சின்னக் கட்டையை லேப்ல காய வெச்சுப் பார்த்தா இதைப் போல ரெண்டு மடங்கு வர்றதும் சாதாரணம். அதே கான்கிரீட் வெடிக்காம எவ்வளவு இழுபடும்னு பார்த்தா சுமாரா 0.0001 தான், கொஞ்சம் நல்ல கான்கிரீட்னா 0.00015, 6 மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் கூட இல்ல. சுருங்கறது ரெண்டு மூணு மில்லிமீட்டர், இழுபடுற திராணி ஒரு மில்லிமீட்டருக்கும் கம்மி, நாலு பக்கமும் பீம் பிடிச்சு வெச்சிருக்கு, அப்ப எல்லாத் தளமும் வெடிக்கணுமே, ஏன் எல்லாம் வெடிக்கல? ரெண்டு காரணம். ஒண்ணு, பீமும் தளத்தோட சேர்ந்து கொஞ்சம் சுருங்குது, அதனால பிடிமானம் முழுசா இல்ல. இன்னொண்ணு, கான்கிரீட்டுக்கு ஒரு நல்ல குணம் இருக்கு, மெதுவா இழுத்தா அது மெதுவா நெகிழ்ந்து கொடுக்கும், க்ரீப்னு சொல்வாங்க. சுருக்கம் மெதுவா வந்தா இந்த நெகிழ்ச்சியே பாதி இழுப்பைத் தின்னுடும். அவசரமா காய விட்டா நெகிழ நேரம் கிடைக்காது, பட்டுனு வெடிக்கும். கியூரிங், அதாவது போட்ட கான்கிரீட்டை நாள் கணக்கா ஈரமா வெச்சிருக்கிறது, அதோட முழு அர்த்தமும் இதுக்குள்ளதான் இருக்கு, கடைசி அளவுல சுருக்கம் பெருசா குறையாட்டியும் அது வர்ற வேகம் குறையுது, அதுக்குள்ள கான்கிரீட் பலமாயிடுது.

இப்ப கெமிக்கலுக்கு வருவோம். சுருக்கத்தைக் குறைக்கிறதுக்குன்னே செஞ்ச திரவம் ஒண்ணு இருக்கு, ஷ்ரிங்கேஜ் ரெட்யூசிங் அட்மிக்ஸர், சுருக்கமா எஸ்ஆர்ஏ. 1980கள் தொடக்கத்துல ஜப்பான்ல நிஹோன் சிமெண்ட்டும் சான்யோ கெமிக்கலும் சேர்ந்து கொண்டு வந்தது, 1990கள்ல அமெரிக்கச் சந்தைக்குப் போச்சு, இப்ப இந்தியாவுலயும் பெரிய கட்டுமான கெமிக்கல் கம்பெனிங்க கிட்ட கிடைக்குது. கிளைக்கால் குடும்பத்தைச் சேர்ந்த கரிமச் சேர்மம். சிமெண்ட்டோட வேதிவினை பெருசா எதுவும் பண்ணாது, துளைக்குள்ள இருக்கிற தண்ணியிலேயே கரைஞ்சு கிடக்கும். அங்க இருந்துகிட்டு அது செய்யற ஒரே முக்கிய வேலை தண்ணியோட பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது. சுத்தத் தண்ணியோட பரப்பு இழுவிசை மீட்டருக்கு சுமாரா 72 மில்லிநியூட்டன், எஸ்ஆர்ஏ போதுமான அளவு கலந்தா அது பாதி கிட்ட இறங்கிடும். மேல சொன்ன அந்தத் துளைச் சுவர் இழுப்பு இருக்கே, அது பரப்பு இழுவிசைக்கு நேர் விகிதம், இது இறங்கினா அதுவும் இறங்கும். எனக்கு இந்தத் திரவத்துல பிடிச்சதே இதுதான், விளைவை மூடி மறைக்காம சுருக்கம் பிறக்கிற இடத்துலயே போய் கை வைக்குது.

பலன் எவ்வளவுன்னா, காய்ஞ்சு வர்ற சுருக்கத்துல கால் பங்குல இருந்து பாதி வரைக்கும் குறையும். முதல் மாசத்துல பார்த்தா இன்னும் அதிகமா குறைஞ்ச மாதிரி தெரியும், வருஷம் போகப் போக அந்த வித்தியாசம் கொஞ்சம் சுருங்கும், அதனால 28 நாள் ரிசல்ட்டை மட்டும் காட்டி விக்கிறவங்க கிட்ட நீண்ட நாள் ரிசல்ட்டும் கேளுங்க. இன்னொரு பயனும் உண்டு, முதல் சில மணி நேரத்துல மேல் பரப்புல இருந்து ஆவியாகிற வேகத்தையும் இது கொஞ்சம் குறைக்குது, அதனால ஈரக் கான்கிரீட்ல வர்ற வெடிப்பும் கொஞ்சம் கம்மியாகும்.

போடுற அளவு சிமெண்ட் எடையில 1ல இருந்து 2 சதவீதம். கேக்க சின்னதா இருக்கும், கணக்குப் போட்டுப் பாருங்க. 1000 சதுர அடி, 5 இன்ச் தளம்னா கான்கிரீட் ஏறக்குறைய 11.8 கன மீட்டர் வரும், கன மீட்டருக்கு 340 கிலோ சிமெண்ட், 1.5 சதவீதம்னு வெச்சா ஒரு கன மீட்டருக்கு 5 கிலோவுக்கு மேல, மொத்தத் தளத்துக்கு கிட்டத்தட்ட 60 கிலோ எஸ்ஆர்ஏ. மூட்டைக்கு ஒரு மூடி ஊத்துற சமாச்சாரம் இது கிடையாது. யாராவது மூட்டைக்கு 100 மில்லி ஊத்தினா சுருக்கம் நிக்கும்னு சொன்னா அது எஸ்ஆர்ஏ இல்லன்னு அந்த இடத்துலயே தெரிஞ்சுக்கலாம், ஏன்னா துளைத் தண்ணியோட பரப்பு இழுவிசையை இறக்க அந்த அளவு பத்தாது. அப்புறம் இவ்வளவு திரவம் உள்ள போறப்ப அதே அளவு தண்ணியைக் கலவையில இருந்து கழிக்கணும், கழிக்காம விட்டா ஒரு கையால கொடுத்து மறு கையால பிடுங்கின கதைதான்.

பக்க விளைவு இல்லாம இல்ல. இறுகுற நேரம் கொஞ்சம் தள்ளிப் போகும், பலம் 10 சதவீதம் வரைக்கும், சில சமயம் அதுக்கும் மேல குறையலாம், பனி விழுற ஊர்கள்ல கான்கிரீட்டுக்குள்ள வேணும்னே காத்துக் குமிழி சேர்ப்பாங்க, அதை இது கெடுக்கும். கடைசிப் பிரச்சனை நமக்குக் கிடையாது, முதல் ரெண்டும் நமக்கும் உண்டு.

சரி, அப்ப வீட்டுத் தளத்துக்கு இதைப் போடலாமா? என் கருத்து, சாதாரண வீட்டுக்குத் தேவையே இல்ல, அந்தக் காசைத் தண்ணியைக் குறைக்கிறதுலயும் கியூரிங்லயும் போட்டா பலன் அதிகம். எஸ்ஆர்ஏவுக்கு இடம் வேற. ஜாயின்ட் கம்மியா வேணும்னு கேக்கிற ஃபேக்டரி தரை, குடோன் தரை, ஒழுகக் கூடாத தண்ணித் தொட்டி, பாலத்தோட மேல்தளம், பழைய கான்கிரீட் மேல புதுசா போடுற மெல்லிய அடுக்கு, இந்த மாதிரி சுருங்க விடாம நல்லா பிடிச்சு வெச்சிருக்கிற இடங்கள்லதான் அது தன் விலைக்கு வேலை செய்யும்.

பாலம்னு சொன்னதும் அமெரிக்கக் கதையைச் சொல்லியே ஆகணும். அங்க 1970களுக்கு அப்புறம் பால மேல்தளத்துக்குப் பலம் அதிகமான கான்கிரீட் போட ஆரம்பிச்சாங்க, சிமெண்ட் கூடுதல், சீக்கிரம் இறுகும், டிராஃபிக் சீக்கிரம் விடலாம். என்ன ஆச்சு? 1996ல அந்த நாட்டு நெடுஞ்சாலை ஆராய்ச்சித் திட்டம் வெளியிட்ட என்சிஹெச்ஆர்பி 380ங்கிற அறிக்கை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலங்கள்ல ஆரம்பத்துலயே குறுக்கு வெடிப்பு வந்திருக்குன்னு சொல்லுச்சு. பலமான கான்கிரீட் ஏன் அதிகமா வெடிக்கணும்? சிமெண்ட் கூடினா பசை கூடும், சுருங்கறது பசைதான், ஜல்லி இல்ல. சீக்கிரம் இறுகினா சூடு அதிகமா வரும், நெகிழ்ச்சி குறையும், விறைப்பு கூடும், அதே அளவு சுருக்கத்துக்கு இழுப்பு அதிகமாகும். பெர்க்லி பல்கலைக்கழகத்துல இருந்த இந்தியப் பேராசிரியர் பி. குமார் மேத்தா 2001ல பரோஸ்ங்கிறவரோட சேர்ந்து இதைத்தான் அழுத்திச் சொன்னார், அவசரப் பலத்தைத் துரத்தினா நீடிச்சு உழைக்கிற கட்டடம் கிடைக்காதுன்னு. நம்ம ஊர்ல தளத்துக்கு 53 கிரேடு சிமெண்ட்தான் வேணும்னு அடம்பிடிக்கிறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும். 53 கிரேடு நைசா அரைச்சது, வேகமா வேலை செய்யும், சூடும் வேகமா வரும். வீட்டுக்கு பிபிசி, அதாவது சாம்பல் கலந்த சிமெண்ட் போட்டு நாள் கூட்டி நனைச்சா வெடிப்புக்கு அதுதான் நல்லது.

இப்ப நம்ம ஊர்ல அதிகமா பார்க்கிற வெடிப்பு, கான்கிரீட் கொட்டின அன்னைக்கே வர்றது. காலையில போட்டு மத்தியானம் பார்த்தா மேல குறுக்கும் நெடுக்குமா, பெரும்பாலும் ஒண்ணுக்கொண்ணு இணையா, ஒரு சாண் ரெண்டு சாண் நீளத்துல கோடு கோடா இருக்கும். கான்கிரீட் இறுகுறதுக்கு முன்னாடியே மேல் ஈரம் பறந்து போறதால வர்றது. மேல கசிஞ்சு வர்ற தண்ணியை விட ஆவியாகிற தண்ணி அதிகமானா இது வரும், ஒரு சதுர மீட்டர்ல மணிக்கு ஒரு கிலோ தண்ணிக்கு மேல ஆவியாச்சுன்னா எச்சரிக்கையா இருக்கணும்ங்கிறது பழைய கணக்கு. எல்லாரும் வெயிலைத்தான் திட்டுவாங்க, காத்தை யாரும் கணக்குல எடுக்கிறதில்ல. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்ற ஊர்ல இருந்துகிட்டு கோயம்புத்தூர் பல்லடம் உடுமலைப் பக்கமும், தெக்க ஆரல்வாய்மொழி முப்பந்தல் பக்கமும் ஆனி ஆடியில திறந்த வெளியில தளம் போடுறாங்க, வானம் மூடாக்கா இருக்கே வெயில் இல்லையேன்னு நிம்மதியா இருப்பாங்க, மத்தியானத்துக்குள்ள மேல கோடு விழுந்துடும். பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து வர்ற காத்து வெயில் இல்லாமலேயே அந்த வேலையைப் பண்ணிடும்.

இந்த வெடிப்புக்குக் கெமிக்கல் வேற. எவாப்பரேஷன் ரிடார்டர்னு ஒண்ணு இருக்கு, கொழுப்பு ஆல்கஹால் வகை, தண்ணியில கலந்து மட்டம் பார்த்ததும் மேல ஸ்ப்ரே பண்ணினா கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் பரவி ஆவியாகிறதைத் தடுக்கும். அது கிடைக்கலன்னா பாலித்தீன் ஷீட் போட்டு ஓரத்துல ஜல்லி வெச்சு அமுக்கினாலே முக்கால்வாசி வேலை முடிஞ்சது. கலவையில சேர்க்கிற பாலிப்ரொப்பிலீன், பாலியஸ்டர் ஃபைபர் பாக்கெட்டும் இந்த முதல் நாள் வெடிப்புக்குத்தான், மூட்டைக்கு 125 கிராம் பாக்கெட்டா கடைகள்ல கிடைக்குது, ஈரக் கான்கிரீட்ல கோடு விரியாம பிடிச்சுக்கும். ஆனா ஆறு மாசம் கழிச்சு காய்ஞ்சு வர்ற சுருக்கத்தை அந்த அளவு ஃபைபர் ஒண்ணும் பண்ணாது, கம்பிக்குப் பதிலாவும் ஆகாது. அப்புறம், கோடு சரியா கம்பி போற வழியிலேயே விழுந்திருந்தா அது சுருக்கமே இல்ல, கான்கிரீட் கீழ உட்கார்றப்ப கம்பி தடுத்ததால மேல பிளந்தது, கவர், அதாவது கம்பிக்கு மேல இருக்கிற கான்கிரீட் கனம், பத்தாத இடத்துலயும் தண்ணியா கலந்த இடத்துலயும்தான் வரும். முழுசா இறுகாம இருக்கிறப்பவே பார்த்துட்டா மறுபடி நல்லா மட்டப்பலகையால அழுத்தித் தேய்ச்சு மூடிடலாம், மறுநாள் சிமெண்ட் பால் ஊத்துறதால ஒண்ணும் ஆகாது.

தண்ணியைக் குறைக்கிற கெமிக்கல்தான் வீட்டுக்கு நிஜமா உதவுறது. சூப்பர் பிளாஸ்டிசைசர், ரெடிமிக்ஸ்காரங்க வெறுமனே அட்மிக்ஸர்னு சொல்றது, இப்ப பெரும்பாலும் பிசிஇ, அதாவது பாலிகார்பாக்சிலேட் ஈதர் வகை. சிமெண்ட் துகள்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாகாம பிரிச்சு விடுறதால அதே இளக்கத்தை 20 சதவீதம், சில சமயம் இன்னும் கம்மித் தண்ணியிலயே கொண்டு வரலாம். ஆனா இதுல ஒரு விஷயத்தை வியாபாரிங்க சொல்றதே இல்ல. அமெரிக்க ஸ்டாண்டர்டு ஏஎஸ்டிஎம் சி494 தண்ணி குறைக்கிற கெமிக்கல்களுக்குச் சுருக்கம் சாதா கான்கிரீட்டை விட 35 சதவீதம் வரை கூடினாலும் பரவாயில்லன்னு அனுமதிக்குது. எல்லாக் கெமிக்கலும் அவ்வளவு கூட்டும்னு அர்த்தமில்ல, ஆனா அட்மிக்ஸர் போட்டாலே சுருக்கம் குறையும்ங்கிறது பொய்ங்கிறதுக்கு இதை விடச் சாட்சி வேண்டாம். அது குறைக்கிறது தண்ணியை, தண்ணியோட சேர்த்து பசையையும் குறைச்சு ஜல்லியைக் கூட்டினாதான் சுருக்கம் குறையும். அதே கெமிக்கலைப் போட்டுட்டு தண்ணியையும் பழையபடி ஊத்தினா கலவை ஆறா ஓடும், பம்ப்ல சுகமா போகும், வெடிப்பு அப்படியேதான் இருக்கும். இன்னொண்ணு, தண்ணி கம்மியான கலவை மேல கசியாது, அதனால முதல் நாள் காத்து வெடிப்புக்கு இன்னும் சீக்கிரம் ஆளாகும், மேல ஷீட் போடுறது இதுக்குத்தான் ரொம்ப அவசியம்.

ரெடிமிக்ஸ் வண்டி டிராஃபிக்ல மாட்டி லேட்டா வந்து கலவை இறுகலா இருந்தா டிரைவர் கிட்ட தண்ணி ஊத்தச் சொல்றது நம்ம ஊர்ப் பழக்கம், அதை மட்டும் செய்யவே கூடாது. பிளாண்ட்டுக்கு போன் போட்டு அவங்க இன்ஜினியர் சொல்ற அளவு அட்மிக்ஸரையே சைட்ல சேர்த்து டிரம்மை நல்லா சுத்த விடணும்.

கடையில வாட்டர்ப்ரூஃபிங் லிக்விட்னு மூட்டைக்கு 100, 200 மில்லி போடச் சொல்ற டப்பா பெரும்பாலும் லிக்னோசல்ஃபனேட் சார்ந்த சாதாரண பிளாஸ்டிசைசர் குடும்பம். அதைக் கெட்டதுன்னு சொல்லல, தண்ணியைக் குறைச்சுப் போட்டா உதவும். வெடிப்பைத் தடுக்கிற மருந்துன்னு நம்பி வாங்கினாதான் ஏமாற்றம், வெடிச்ச தளத்துல தண்ணி அந்தக் கோடு வழியா இறங்குறப்ப கான்கிரீட்டோட உடம்பு எவ்வளவு தண்ணி புகாததா இருந்து என்ன?

விரியற கெமிக்கல்னு இன்னொரு வழி இருக்கு. கால்சியம் சல்ஃபோஅலுமினேட் இல்லன்னா சுட்ட சுண்ணாம்பு வகைத் தூள், சிமெண்ட்டோட சேர்ந்து முதல் சில நாள்ல கான்கிரீட்டைக் கொஞ்சம் விரிய வைக்கும், உள்ள இருக்கிற கம்பி அந்த விரிவைப் பிடிச்சு நிறுத்தும், அதனால கான்கிரீட் லேசா அமுக்கப்பட்ட நிலைக்கு வரும், அப்புறம் சுருங்கறப்ப முதல்ல அந்த அமுக்கம்தான் கரையும். நல்ல யோசனை, ஆனா இது வேலை செய்ய முதல் ஒரு வாரம் தண்ணி தாராளமா வேணும், நனைக்காம விட்டா விரியவே விரியாது, அளவு தப்பினா விரிவே உடைச்சுடும். மெஷின் அடித்தகட்டுக்குக் கீழ ஊத்துற நான் ஷ்ரிங்க் கிரவுட்ல இந்த மாதிரிச் சரக்குதான் இருக்கு. கவனிச்சுச் செய்ய ஆள் இல்லாத சைட்டுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

ரொம்பப் பலமான கான்கிரீட்ல வேற ஒரு சிக்கல், தண்ணி அவ்வளவு கம்மியா இருக்கிறதால சிமெண்ட்டே உள்ள இருக்கிற தண்ணியை உறிஞ்சி உள்ளுக்குள்ளேயே காய்ஞ்சு சுருங்கும், வெளிய எவ்வளவு நனைச்சாலும் அந்த அடர்த்திக்குள்ள தண்ணி போகாது. இதுக்கு டென்மார்க்ல ஜென்சனும் ஹான்சனும் 2001ல ஒரு வழி சொன்னாங்க, குழந்தைங்க டயப்பர்ல தண்ணி உறிஞ்சுற அதே பாலிமர் குருணையைக் கலவையிலேயே சேர்க்கிறது, அது தண்ணியைப் பிடிச்சு வெச்சு உள்ள காயறப்ப கொஞ்சம் கொஞ்சமா விடும். 2006 உலகக் கோப்பை கால்பந்து சமயத்துல ஜெர்மனியில கைசர்ஸ்லாட்டர்ன் ஊர்ல மெல்லிய சுவரோட ஒரு மண்டபம் இந்த முறையில கட்டினாங்க. எம்20, எம்25ன்னு சாதாரணப் பலக் கான்கிரீட் போடுற வீட்டுக்கு இந்தச் சிக்கலே இல்ல.

வீட்டுக்கு என்ன மிச்சம்? கியூரிங். ஐஎஸ் 456 சொல்றது ஓபிசிக்கு, அதாவது எதுவும் கலக்காத சாதா சிமெண்ட்டுக்கு குறைஞ்சது 7 நாள், பிபிசி மாதிரி கலப்பு சிமெண்ட்டுக்கு 10 நாள், வெயில் காலத்துல 10 நாளுக்குக் கம்மியா எதுவும் கூடாது, கலப்பு சிமெண்ட்டுக்கு 14 நாள் வரை நீட்டுறது நல்லது. பாத்தி கட்டி தண்ணி நிறுத்துறதை விட நல்ல கெமிக்கல் தளத்துக்கு இன்னும் வரல, தண்ணிப் பஞ்சம் இருக்கிற ஊர்லயும் தூண், சுவர் மாதிரி நிக்கிற இடத்துலயும்தான் மெழுகு வகை கியூரிங் காம்பவுண்டு. காலையில ஒரு தடவை நனைச்சு மத்தியானம் காய விட்டு சாயங்காலம் நனைக்கிறது ரொம்பக் கெடுதல், கான்கிரீட்டோட மேல்தோல் தினமும் சுருங்கி விரியும்.

ஏற்கெனவே வெடிச்ச தளத்துக்கு எந்த அட்மிக்ஸரும் உதவாது. உடனே எபாக்ஸி பசையைக் கோட்டுக்குள்ள ஏத்தவும் அவசரப்படாதீங்க, சுருக்கம் முடியறதுக்கு முன்னாடி அடைச்சா பக்கத்துலயே இன்னொரு கோடு விழும். கோட்டோட ரெண்டு முனையிலயும் பென்சில்ல குறி போட்டு தேதி எழுதுங்க, வெடிப்பு அகலம் அளக்கக் கோடு போட்ட கிராக் கார்டு அட்டை வெச்சு அகலத்தை மாசா மாசம் அளந்து குறிச்சு வைங்க. பாதிப்பு இல்லாத இடத்துல 0.3 மில்லிமீட்டர் வரை, எப்பவும் ஈரம் படுற இடத்துல 0.2 வரை ஐஎஸ் 456 பொறுத்துக்குது. நாலஞ்சு மாசமா நீளமும் அகலமும் மாறலன்னா அடைக்கலாம், வளர்ந்துகிட்டே போனாலோ கோட்டுல துருக் கறை இறங்கினாலோ அது சுருக்கச் சமாச்சாரம் இல்ல, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டணும்.